பழைய டிவியில் எது பழசாகிறது?

எட்டு, பத்து வருடம் ஓடிய டிவி ஒருநாள் நின்றுபோனால், “வயசாயிடுச்சு, மாத்திட வேண்டியதுதான்” என்ற பேச்சு வீட்டில் உடனே எழும். டிவி என்பது ஒரே பொருள், அது மொத்தமாகப் பழசாகி மொத்தமாகச் செத்துப்போகிறது என்ற எண்ணம் அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. பின்மூடியைக் கழற்றிப் பார்ப்பவருக்குத் தெரிவது வேறு. ஒரு சாதாரண 32 அங்குல எல்இடி டிவியின் போர்டுகளில் நூற்றுக்கணக்கான பாகங்கள் இருக்கின்றன. குறைந்த வோல்ட்டில் சூடேறாமல் வேலை செய்யும் ரெசிஸ்டர்களும் சிறு ஐசிகளும் பத்து வருடம் கழித்தும் ஏறக்குறைய வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கும். வயது ஏறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில்தான்: மின்சாரத்தைத் தேக்கிச் சமப்படுத்தும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள், திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் எல்இடிகள், அதிகம் சூடாகும் பாகங்களின் சோல்டர் பற்றுகள். இந்த மூன்றுக்கும் எமன் சூடுதான். ஆகவே பழைய டிவியின் பழுதைத் தேடுகிறவர், சூடு எங்கே தங்குகிறது என்பதைத் தேடினால் போதும், பாதி வேலை முடிந்துவிடும். அந்த இடங்களில் இருப்பவை பெரும்பாலும் விலை குறைந்த, மாற்றக்கூடிய பாகங்கள் என்பதால், “செத்துப்போன” டிவிகளில் பலவற்றைக் குப்பைக்கு அனுப்பத் தேவையே இல்லை. இதுதான் இந்த அத்தியாயம் நிறுவ முயலும் கருத்து.

முதலில் கெப்பாசிட்டரை எடுத்துக்கொள்வோம். பழைய மெக்கானிக்குகள் இதைக் கண்டன்சர் என்பார்கள். உருளை வடிவ அலுமினியக் குப்பிக்குள் இரண்டு அலுமினியத் தகடுகள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். நடுவில் ஒரு காகிதம், அது ஊறியிருக்கும் ஒரு திரவம். அந்தத் திரவம்தான் எலக்ட்ரோலைட். டிவியின் போர்டுகளில் திரவ நிலையில் இருக்கும் பொருள் ஒன்றை நம்பி இயங்கும் பாகம் அநேகமாக இது ஒன்றுதான், அதனால்தான் இதற்கு ஆயுள் எழுதியே விற்கிறார்கள். குப்பியின் மேல் 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். அதன் தகவல் தாளில் 2,000 மணி நேரம் என்றிருந்தால், 105 டிகிரி செல்சியஸில் வைத்து இயக்கினால் அவ்வளவு நேரம்தான் தாங்கும் என்று பொருள். ஸ்வீடன் வேதியியலாளர் ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1889இல் வெப்பநிலைக்கும் வேதிவினை வேகத்துக்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாக்கினார். அதன் வழியில் வந்த நடைமுறைக் கணக்கு ஒன்று இந்தத் தொழிலில் எல்லோரும் கையாள்வது: வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் கெப்பாசிட்டரின் ஆயுள் இரண்டு மடங்காகும். 2,000 மணி நேரக் கெப்பாசிட்டர் 85 டிகிரியில் 8,000 மணி நேரம் வரும்; 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் டிவி ஓடும் வீட்டில் முதலாவது மூன்றரை வருடத்துக்குச் சற்றே கூடுதல், இரண்டாவது பதினான்கு வருடத்துக்கும் மேல். ஒரே கம்பெனியின் ஒரே கெப்பாசிட்டர், ஒரே போர்டில் ஹீட் சிங்க்கை ஒட்டி நின்றால் ஒரு ஆயுள், இரண்டு அங்குலம் தள்ளி நின்றால் வேறு ஆயுள். டிவி மொத்தமாக வயதாவதில்லை என்பதற்கு இந்தக் கணக்கைவிட நல்ல சான்று தேவையில்லை.

திரவம் மெல்ல மெல்லக் காயும்போது கெப்பாசிட்டரின் கொள்ளளவு குறைவதற்கு முன்பே அதன் உள்தடை ஏறிவிடுகிறது. பவர் போர்டு மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத் தன்னுள் வாங்கிச் சமப்படுத்துவது கெப்பாசிட்டரின் வேலை. உள்தடை ஏறினால் அந்த வேலையிலேயே அது சூடாகிறது, சூட்டில் இன்னும் காய்கிறது, காய்ந்ததால் தடை இன்னும் ஏறுகிறது. கடைசிக் கட்டம் விரைவாக வருவதற்கு இதுவே காரணம். வீட்டில் தெரியும் அறிகுறி இப்படி இருக்கும்: காலையில் ரிமோட்டை அழுத்தினால் சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கும், டிவி வராது. நாலைந்து தடவை அழுத்தினால் அல்லது கொஞ்ச நேரம் சுவிட்சைப் போட்டு வைத்திருந்தால் வரும், வந்தபின் ராத்திரி வரை நன்றாக ஓடும். சில வாரத்தில் காத்திருக்கும் நேரம் நீண்டுகொண்டே போய், ஒருநாள் வரவே வராது. சூடானபின் சரியாவது ஏன்? எஞ்சியிருக்கும் எலக்ட்ரோலைட் சூடானால் அதன் கடத்தும் திறன் கூடுகிறது, உள்தடை தற்காலிகமாக இறங்குகிறது, மெயின் போர்டுக்குத் தேவையான 5 வோல்ட் நிலையாகக் கிடைக்கிறது. “குளிரில் வராது, சூடானால் வரும்” என்றால் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர் மேல் விழ வேண்டும். “குளிரில் ஓடும், அரை மணி நேரத்தில் நின்றுவிடும்” என்றால் ஐசி, டிரான்சிஸ்டர், சோல்டர் பக்கம் பார்க்க வேண்டும். மெக்கானிக்கிடம் “டிவி ஓடல” என்று மட்டும் சொல்லாமல் இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள், அவர் தேடும் நேரம் பாதியாகக் குறையும்.

தலை உப்பிய கெப்பாசிட்டரைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம். குப்பியின் தலையில் கூட்டல் குறி போலவோ ‘கே’ எழுத்துப் போலவோ வெட்டு இருக்கும். உள்ளே வாயு சேர்ந்தால் வெடிக்காமல் அந்த வெட்டு விரிந்து வழிவிடுவதற்காக அது. 2000களின் தொடக்கத்தில் தரமற்ற எலக்ட்ரோலைட் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகச் சந்தையில் பரவி, கணினி மதர்போர்டுகளிலும் அக்காலத் தட்டைத் திரைகளிலும் வரிசை வரிசையாக உப்பி நின்றன. அந்தக் காலத்தின் பழக்கத்தால் இன்றும் பலர், உப்பவில்லை என்றால் கெப்பாசிட்டர் நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. மெதுவாகக் காய்ந்த கெப்பாசிட்டர் உப்பாது, அழகாகவே நிற்கும். சாதாரண மல்டிமீட்டரில் கொள்ளளவும் ஏறக்குறையச் சரியாகவே காட்டும். உள்தடையை அளக்கும் ஈஎஸ்ஆர் மீட்டர் வைத்தால்தான் உண்மை தெரியும். அந்த மீட்டர் கையில் இல்லாதவர், சந்தேகப்படும் கெப்பாசிட்டருக்கு இணையாக அதே அளவுள்ள புதியதைப் பற்றவைத்து ஓட்டிப் பார்ப்பார். மாற்றும்போதும் 85 டிகிரி சரக்கைப் போட்டால் வேலை மறுபடி சீக்கிரமே வரும். 105 டிகிரியும் நீண்ட மணி நேர உத்தரவாதமும் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். விலை வித்தியாசம் அற்பம்.

சூடுதான் காரணம் என்ற வாதத்துக்கு இன்னொரு தலைமுறையும் சாட்சி சொல்கிறது. பிக்சர் டியூப் டிவிகளில் எல்இடி பேக்லைட் கிடையாது, பேனலுக்குப் படத் தகவலை அனுப்பும் டி-கான் போர்டு கிடையாது, அமைப்பே வேறு. ஆனாலும் அவை பழுதான விதம் இதே ஒழுங்கில்தான் இருந்தது. 625 வரிகளை நொடிக்கு 25 தடவை வரைய, படுக்கை வரிகளை வரையும் சர்க்யூட் நொடிக்கு 15,625 முறை இயங்கியாக வேண்டும். பியூ508 வகை டிரான்சிஸ்டர் ஒன்று அந்த வேகத்தில் ஆயிரம் வோல்ட்டைத் தாண்டும் துடிப்புகளைத் தாங்கிக்கொண்டு எல்ஓடி எனப்படும் டிரான்ஸ்ஃபார்மரை ஓட்டும். கலர் டியூபுக்குத் தேவையான சுமார் 25,000 வோல்ட் அங்கிருந்து பிறக்கும். கனமான பாகம், கால்கள் வழியாகச் சூடு, மாலையில் சூடேறி இரவில் ஆறும் தினசரிச் சுழற்சி. செம்பும் ஈயப்பற்றும் விரிந்து சுருங்கும் அளவு வேறு வேறு என்பதால், வருடங்கள் போகப் போகக் காலைச் சுற்றி மயிரிழை போல வட்டமாக ஒரு விரிசல் விழும். இதைத்தான் டிரை சோல்டர் என்கிறார்கள். தலையில் தட்டினால் படம் வரும் டிவிகளின் ரகசியம் இதுவே: தட்டும்போது விரிசல் ஒரு கணம் ஒட்டிக்கொள்கிறது. தட்டித் தட்டியே ஓட்டினால், ஒட்டியும் விலகியும் தீப்பொறி விழுந்து கடைசியில் டிரான்சிஸ்டரையே கொன்றுவிடும். பூதக்கண்ணாடியும் சோல்டரிங் அயனும் இருந்தால், பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்றவைக்கக் கால் மணி நேரம் போதும். இந்த வகை டிவியில் குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நின்றால் செங்குத்துப் பகுதி ஐசியோ அதைச் சுற்றிய கெப்பாசிட்டரோ போயிருக்கிறது என்று பொருள். அப்படியே ஓடவிட்டால் அந்தக் கோடு டியூபின் பாஸ்பரைச் சுட்டுத் தழும்பாக்கிவிடும், உடனே நிறுத்திவிட வேண்டும். 2006இல் தொடங்கித் தமிழ்நாடு அரசு இலவசமாகக் கொடுத்த ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலக் கலர் டிவிகள் இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவைதான். தெருமுனை மெக்கானிக்குகளில் ஒரு தலைமுறையே இந்த ரகப் பழுதுகளில்தான் கை தேர்ந்தது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். எல்லாப் பழுதும் வயதால் வருவதா? இடி விழுந்த மறுநாள் டிவி வராமல் போவதை எந்தச் சூட்டுக் கணக்கில் சேர்ப்பது? சேர்க்க முடியாதுதான். இடியின் அதிர்வு மின்கம்பி வழியாக மட்டும் வருவதில்லை, கேபிள் வழியாகவும் வரும். செட் டாப் பாக்ஸோடு சேர்ந்து அது செருகியிருந்த எச்டிஎம்ஐ துளை மட்டும் செத்து, பக்கத்துத் துளை நன்றாக இருப்பது அதனால்தான். வேறு துளையில் செருகிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. பவர் போர்டில் நுழைந்த பல்லி ஷார்ட் ஆக்குவதும் நம் ஊரில் நடப்பதே. இப்படிப்பட்ட விபத்துகளையும் வயதுப் பழுதையும் பிரித்தறிய வழி இருக்கிறது. வயதுப் பழுது முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும். விபத்து ஒரே நொடியில் நடக்கும். பியூஸைப் பார்த்தாலும் தெரியும். கண்ணாடிப் பியூஸின் உள்ளே கம்பி மெல்ல அறுந்திருந்தால் அது வெறும் தளர்ச்சியாகவும் இருக்கலாம். கண்ணாடி முழுக்கக் கறுத்திருந்தால் பின்னால் எங்கோ முழு ஷார்ட், அநேகமாகப் பிரிட்ஜ் டயோடோ மாஸ்ஃபெட்டோ போயிருக்கும், புதுப் பியூஸ் போட்டாலும் அதே நொடியில் போகும். இதைச் சோதிக்கக் கடைகளில் சீரிஸ் லாம்ப் வைத்திருப்பார்கள். பழைய 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை டிவிக்கு வரும் லைனில் தொடராக இணைத்துவிட்டுச் சுவிட்சைப் போடுவார்கள். பல்பு ஒரு தடவை பளிச்சிட்டு மங்கினால் பவர் போர்டின் பெரிய கெப்பாசிட்டர் நிரம்பிவிட்டது, ஷார்ட் இல்லை. பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே நின்றால் ஷார்ட் இருக்கிறது, ஆனால் பல்பு மின்னோட்டத்தைத் தடுத்து வைத்திருப்பதால் இன்னும் எதுவும் கூடுதலாகக் கருகவில்லை. எல்இடி பல்பில் இந்தச் சோதனை நடக்காது. குண்டு பல்பு வீட்டை விட்டுப் போய்விட்டாலும் டிவி கடைகளில் இருப்பதற்கு இதுவே காரணம்.

இன்றைய வீடுகளில் உள்ள டிவிகளின் முதன்மையான வயதுப் பழுது பேக்லைட். எல்சிடி பேனல் தானாக ஒளிராது. பின்னாலிருந்து வரும் வெள்ளை வெளிச்சத்தை அது புள்ளி புள்ளியாகத் தடுத்தும் விட்டும் படம் காட்டுகிறது. அந்த வெளிச்சத்துக்கு முன்பு பாதரச ஆவி நிரப்பிய மெல்லிய குழல் விளக்குகள் இருந்தன, இப்போது எல்இடி ஸ்ட்ரிப்கள். பல எல்இடிகளை ஒரே தொடராக இணைத்திருப்பார்கள், கோயில் திருவிழாவில் தொங்கும் சீரியல் செட் போல. ஒரு எல்இடிக்கு 3 வோல்ட் என்றால் இருபதுக்கு 60 வோல்ட். அதில் ஒன்று அறுந்துபோனாலும் மொத்தத் தொடரும் அணைந்துவிடும். அணைந்ததை உணர்ந்த டிரைவர் சர்க்யூட் மின்னோட்டத்தை வரவழைக்க வோல்ட்டை ஏற்றிப் பார்க்கும், வரம்பைத் தொட்டதும் பாதுகாப்புக்காகத் தன்னை நிறுத்திக்கொள்ளும். பார்ப்பவருக்குத் தெரிவது: திரை ஒரு நொடி மின்னி இருளும், சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும், சேனலும் மாறும். இந்த நிலையில்தான் “பேனல் போச்சு” என்ற தீர்ப்பு மிக எளிதாக வழங்கப்படுகிறது. அந்தத் தீர்ப்பை ஏற்குமுன் அறையை இருட்டாக்கி, கையடக்க டார்ச்சையோ போனின் விளக்கையோ திரைக்கு மிக அருகில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வெளிச்ச வட்டத்துக்குள் செய்தி வாசிப்பவரின் முகமோ மெனுவின் எழுத்தோ மங்கலாக நகர்வது தெரிந்தால், பேனல், டி-கான், மெயின் போர்டு எல்லாம் உயிரோடு இருக்கின்றன. போயிருப்பது பேக்லைட்டோ அதற்கு மின்சாரம் தரும் டிரைவரோதான். டிவியைத் திறக்காமல் செய்யக்கூடிய சோதனைகளில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

எல்இடி ஏன் போகிறது? நீல எல்இடிக்கு மேல் மஞ்சள் பாஸ்பர் பூசித்தான் வெள்ளை வெளிச்சம் எடுக்கிறார்கள். அந்த நீல எல்இடியைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. மின்சாரத்தில் ஒரு பங்கு வெளிச்சமாகிறது, மீதி சூடாகிறது. அரிசி மணி அளவுச் சில்லிலிருந்து அந்தச் சூடு ஸ்ட்ரிப்பின் அலுமினியம் வழியாகப் பின்தகட்டுக்குப் போயாக வேண்டும். கடையில் மற்ற டிவிகளின் நடுவே பளிச்சென்று தெரிவதற்காகத் தொழிற்சாலையிலேயே பேக்லைட்டை முழு அளவில் வைத்து அனுப்புகிற வழக்கம் பரவலாக இருக்கிறது. வீட்டுக்கு வந்தபின் அதை யாரும் குறைப்பதில்லை. சூட்டில் முதலில் பாஸ்பரும் அதைச் சுற்றிய சிலிக்கோனும் கெடும். அப்போது மஞ்சள் குறைந்து நீலம் கசியும், படம் முழுக்க ஊதா ஏறும். கலர் செட்டிங்கை எவ்வளவு திருகினாலும் அது போகாது. வெளிச்சத்தைப் பரப்ப எல்இடி மேல் ஒட்டிய சிறு பிளாஸ்டிக் லென்ஸ் பசை விட்டு விழுந்தால், திரையில் அந்த இடத்தில் மட்டும் வெள்ளை வட்டம் தெரியும். கடைசியில் உள்கம்பியோ பற்றோ அறுந்து தொடர் அணையும். மூன்றும் ஒரே நோயின் மூன்று கட்டங்கள் என்று அறிந்தவர், ஊதா நிறம் வந்தபோதே பேக்லைட்டைக் குறைத்து ஓரிரு வருடம் தள்ளிப்போட்டுவிடலாம்.

சரிசெய்யும்போது நடக்கும் ஒரு தவறை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அணைந்த ஒரே எல்இடியை மட்டும் மாற்றுவது செலவு குறைவு, பலரும் அதையே கேட்கிறார்கள். ஆனால் மற்ற எல்இடிகளும் அதே நாளில் பிறந்து அதே சூட்டில் அதே மணி நேரம் எரிந்தவை. அவற்றின் ஆயுளும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. அடுத்தது விரைவில் போகும். அப்போது மறுபடியும் பேனலைக் கழற்ற வேண்டும். உண்மையான ஆபத்து அந்தக் கழற்றலில்தான் இருக்கிறது. பேனல் என்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள கண்ணாடித் தகடுகளின் ஒட்டு. ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாலே விரிசல் விடும், ஓரத்தில் தொங்கும் மெல்லிய பிலிம் துண்டு கிழிந்தால் டிவியின் கதை முடிந்தது. பேனலைக் கழற்றுவது ஒரே தடவையாக இருக்க வேண்டும், அந்த ஒரே தடவையில் எல்லா ஸ்ட்ரிப்பையும் மாற்றிவிட வேண்டும்.

அந்தப் பிலிம் துண்டுகள்தான் சரிசெய்யும் வேலையின் எல்லைக்கோடு. டி-கான் போர்டிலிருந்து வரும் படத் தகவலை, சிப் பதித்த இந்தப் பிலிம்கள் பேனலின் கண்ணாடி விளிம்புக்குக் கடத்துகின்றன. கடைக்காரர்கள் இதைச் சிஓஎஃப் என்பார்கள். கண்ணாடியோடு சேர்த்து ஒட்டியிருப்பது ஈயம் அல்ல, மின்சாரம் கடத்தும் ஒரு பசை. ஒட்டு விலகினால் மேலிருந்து கீழாகக் கோடு விழும். துடைக்கிறேன் என்று திரையில் நேராகத் தண்ணீரையோ கிளீனரையோ தெளித்தால், அது வழிந்து சட்டத்துக்குள் இறங்கி இந்த விளிம்பை அரித்துவிடும். இது சூடு செய்யாத, நாமே செய்துகொள்ளும் பழுது. கோடு விழுந்தால் முதலில் ரிமோட்டில் டிவியின் சொந்த மெனுவைத் திறந்து பார்க்க வேண்டும். மெனுவின் மேலும் கோடு ஓடினால் பழுது டிவிக்குள். மெனு சுத்தமாக இருந்து படத்தில் மட்டும் கோளாறு என்றால் கேபிளையும் செட் டாப் பாக்ஸையும் பாருங்கள். படத்தில் பாதி மட்டும் போயிருந்தால் டி-கானோ அதிலிருந்து போகும் ரிப்பன் ஒயரோ காரணமாக இருக்கக்கூடும், ஒயரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினாலே சரியாவதும் உண்டு. பிலிமை மறுபடி ஒட்ட இயந்திரம் வைத்திருக்கும் கடைகள் பெரிய ஊர்களில் இருக்கின்றன. ஆனால் படுக்கைக் கோடுகளைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்டைப் பல புதிய பேனல்களில் கண்ணாடியின் மேலேயே வரைந்துவிடுகிறார்கள், அது கெட்டால் யாராலும் தொட முடியாது. கண்ணாடி உடைந்த டிவிக்கும் இதே தீர்ப்பு. பேனலின் விலை டிவியின் விலையை நெருங்கும், அங்கே செலவு செய்வது வீண். எல்லா டிவியையும் காப்பாற்றலாம் என்று இந்த வாதம் சொல்லவில்லை. காப்பாற்ற முடியாதவை எவை என்பதையும் அது துல்லியமாகக் காட்டிவிடுகிறது.

ஸ்மார்ட் டிவி வந்தபின் இந்தக் கணக்கு பொய்த்துவிட்டது என்பார் சிலர். இப்போது டிவியைக் கிழவனாக்குவது சாஃப்ட்வேர்தான், கெப்பாசிட்டர் அல்ல என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இருக்கிறது. லோகோ வந்து அப்படியே நின்றுவிடும், அல்லது லோகோ வந்து வந்து மறையும் டிவிகளில், மென்பொருளைத் தாங்கும் இஎம்எம்சி நினைவகச் சிப் தேய்ந்திருப்பது அடிக்கடி காணும் காரணம். அது எழுதி அழிக்கும் எண்ணிக்கையால் தேய்வது. மென்பொருளை மறுபடி ஏற்றினால் சிலது பிழைக்கும், சிலவற்றுக்குச் சிப்பையோ மெயின் போர்டையோ மாற்ற வேண்டும். ஆப்கள் பழைய டிவியைக் கைவிடுவது வேறு விஷயம், அதில் எந்தப் பாகமும் கெடவில்லை. எச்டிஎம்ஐயில் ஒரு ஸ்டிக்கைச் செருகினால் அறிவு வெளியிலிருந்து வந்துவிடும். டிவியில் விலை உயர்ந்த பாகம் பேனல், சீக்கிரம் பழசாவது அதன் மூளை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், ஆப் ஓடவில்லை என்பதற்காக நல்ல பேனலைத் தூக்கி எறிய மாட்டோம்.

புதியது மின்சாரத்தை மிச்சப்படுத்துமே என்ற கேள்விக்கும் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம். பிக்சர் டியூப் டிவி சுமார் 80 வாட், 32 அங்குல எல்இடி டிவி சுமார் 40 வாட் என்று கொள்வோம். தினம் ஐந்து மணி நேரத்துக்கு மிச்சம் 0.2 யூனிட், வருடத்துக்கு 73 யூனிட். டியூபும் மங்கி, படம் வரச் சில நிமிடம் ஆகிற பழைய பெட்டிக்கு இந்த மிச்சம் ஒரு காரணமாகலாம். கேத்தோடு தேய்ந்த டியூபை மீட்க முடியாது, அதற்கு ஓய்வு கொடுப்பதே சரி. ஆனால் பழைய எல்இடிக்குப் பதில் புதிய எல்இடி வாங்குகிறவர் மின்கட்டணத்தில் பெரிதாக எதையும் காணமாட்டார், அளவைக் கூட்டி வாங்கினால் கட்டணம் ஏறவும் செய்யும். விலக்கும் டிவியையும் குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. பிக்சர் டியூபின் புனல் பகுதிக் கண்ணாடியில் எடைக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈய ஆக்சைடு இருக்கிறது, பழைய குழல் பேக்லைட்டில் பாதரசம் இருக்கிறது. பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் சேர்ப்பதே முறை.

இதையெல்லாம் பொதுமக்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ஆபத்தில்லையா என்பது கடைசி ஆட்சேபம், எல்லாவற்றிலும் கனமானதும் அதுவே. 230 வோல்ட் மின்சாரம் பவர் போர்டின் பிரிட்ஜ் டயோடைத் தாண்டியதும் சுமார் 325 வோல்ட்டாகப் பெரிய கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கினாலும் அது உடனே போய்விடாது. ஓடிக்கொண்டிருந்த டிவியில் மற்ற பாகங்கள் அதை உறிஞ்சிவிடும்; பவர் போர்டு செத்த டிவியில் உறிஞ்ச ஆளில்லாததால் இன்னும் நீண்ட நேரம் தங்கும். பழுதான டிவி ஓடும் டிவியைவிட ஆபத்தானது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பிக்சர் டியூபோ பல மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல், உயர் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். ஆகவே பயிற்சி இல்லாதவர் பின்மூடியைத் திறக்கவே கூடாது. ஆனால் டார்ச் சோதனை, மெனு சோதனை, எச்டிஎம்ஐ மாற்றிப் பார்ப்பது, குளிரில் வருகிறதா சூட்டில் வருகிறதா என்று கவனிப்பது, இவை எதற்கும் ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை. புரிந்துகொள்வதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை; புரியாதவரிடம்தான் “பேனல் போச்சு” என்று சொல்லி எதையும் விற்க முடியும்.

பாகம் கிடைத்தால்தானே ரிப்பேர் என்பதும் உண்மை. ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல், டிவியின் பவர் சப்ளை, கெப்பாசிட்டர், இணைப்புத் துளைகள் போன்றவற்றை அந்த மாடலின் விற்பனை நின்றபின்னும் ஏழு வருடம் ரிப்பேர் செய்பவர்களுக்குத் தர வேண்டும் என்று விதித்திருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்த்தால், சட்டம் எழுதியவர்களும் வயது எங்கே ஏறுகிறது என்பதை அறிந்தே எழுதியிருப்பது புரியும். இந்தியாவில் 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கான அரசு இணையதளம் தொடங்கப்பட்டது, ஆனால் இத்தகைய கட்டாயம் இங்கே இன்னும் வரவில்லை, வர வேண்டும். அதுவரை சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் கிடைக்கும் ஸ்ட்ரிப்களும் யுனிவர்சல் போர்டுகளும்தான் நமக்குக் கைகொடுக்கின்றன.

டிவியைக் கடைக்குக் கொடுக்கும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எந்தப் பாகம் போனது, எதை அளந்து அதை முடிவு செய்தார் என்று கேளுங்கள். கழற்றிய பாகத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். பேக்லைட் மாற்றினால், டிரைவரில் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் சிறு ரெசிஸ்டரை மாற்றி கரண்ட்டைக் கால் பங்கு குறைத்துப் போடச் சொல்லுங்கள். வெளிச்சம் கண்ணுக்குச் சற்றே குறையும், புது எல்இடிகளின் சூடு வெகுவாகத் தணியும். வேலை தெரிந்த மெக்கானிக் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார், நீங்கள் கேட்காமலேயே செய்திருப்பார்.